புதுத் தொழில் யோசனையை யார்கிட்ட கத்துக்கறது? கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க

அமராவதிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வயசு 33, உடுமலைப்பேட்டை பக்கம். திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒண்ணுல 9 வருஷம் மெர்ச்சண்டைசர் வேலை. பையர் மெயிலுக்குப் பதில் போட்டு, சாம்பிள் அனுப்பி, டையிங்காரரோட சண்டை போட்டே முடி கொட்டிருச்சு. ஆர்டர் கொறஞ்சதும் எங்க டிபார்ட்மெண்ட்ல பாதிப் பேரை நிறுத்திட்டாங்க, அதுல நானும் ஒருத்தன்.

சொந்தமா ஏதாவது பண்ணலாம்னு கிளம்பி 14 மாசம் ஆச்சு. மொதல்ல சிப்பிக்காளான். வீட்டுக்குப் பின்னாடி ஓலைக் கொட்டகை போட்டு 120 பை தொங்க விட்டேன். மாசியில நல்லா வந்துச்சு. பங்குனி வெயில்ல கொட்டகைக்குள்ள சூடு ஏறி, பாதிப் பையில பச்சைப் பூஞ்சை. 38,000 ரூபாய் போச்சு. அப்பறம் பாக்குமட்டைத் தட்டு மிஷின். "தட்டை நாங்களே திரும்ப வாங்கிக்கறோம்"னு எழுதிக் கொடுத்துத்தான் மிஷினை வித்தாங்க. மொத லோடு வாங்கினாங்க. ரெண்டாவது லோடுல ஓரம் கருத்திருக்குன்னு பாதியைத் திருப்பிட்டாங்க. மூணாவது லோடுக்கு போனே எடுக்கலை. இப்ப அந்த மிஷின் மேலதான் அப்பா புண்ணாக்கு மூட்டையை வெச்சிருக்கார்.

"ஜெயிச்சவங்ககிட்டக் கத்துக்கோ"ன்னு பாக்கறவங்க எல்லாம் சொல்றாங்க. சரின்னு ஆறு பேரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். மில்லுக்காரர் ஒருத்தர் முக்கா மணி நேரம் பேசினார், எல்லாம் விடாமுயற்சி பத்தி. பேக்கரிக்காரர், "இந்தத் தொழிலுக்கு மட்டும் வந்துராதப்பா"ன்னார். அப்படிச் சொன்னவர் அடுத்த மாசம் ரெண்டாவது கடை திறந்துட்டார். தென்னை நார் யூனிட்காரர், "எந்த ஊர்ல போடறதா உத்தேசம்?"னு கேட்டார். உடுமலைன்னேன். அதோட டீ கூட வரலை.

கையில இன்னும் 2.4 லட்சம் இருக்கு. என் கேள்வி இதுதாங்க: அடுத்தவங்களைப் பார்த்துப் புது யோசனை பிடிச்சவங்க இங்க யாராவது இருந்தா, நிஜமா எப்படிப் பிடிச்சீங்க? அதே தொழிலைப் பார்த்துப் பண்ணினா திருட்டு இல்லையா? நமக்கு ஒண்ணு தோணினா வெளிய சொல்லலாமா, மறைக்கணுமா?

சும்மா_வந்தவன்:

சுலபமான வழி ஒண்ணு இருக்கு. "புது தொழில் யோசனை 50"னு வீடியோ போடுங்க. இப்ப நல்லா ஓடுற தொழில் அதுதான். ஒரு யோசனைகூட வேலைக்கு ஆகணும்னு அவசியம் இல்ல.

(கோவிச்சுக்காதீங்க, நானும் காடை வளர்த்தவன். எல்லாம் காக்காவுக்குப் போச்சு.)

கல்கொத்தி:

தம்பி, நீங்க ஜெயிச்சவங்களைத் தேடிப் போயிருக்கறீங்க. தப்பு அங்கதானுங்க. ஜெயிச்சவருக்கு அவர் எதனால ஜெயிச்சாருன்னே பாதி தெரியாது, தெரிஞ்ச மீதியை உங்ககிட்டச் சொல்ல அவருக்கு என்ன தலையெழுத்து? நான் கத்துக்கிட்டதெல்லாம் தொழில்ல சிரமப்படறவங்க பக்கத்துல நின்னுதான். அவங்ககிட்ட யாரும் கேள்வியே கேக்கறதில்லீங்க, அதனால வாய் திறந்தா நிக்காது.

என் கதையைச் சொல்றேன். கோயம்புத்தூர்ல கிரைண்டர் மெக்கானிக் நானு. இந்த ஊர்ல 1955 வாக்குல சபாபதிங்கறவர் கரண்ட்ல ஆட்டற கல்லைக் கொண்டு வந்தாரும்பாங்க, அந்தப் புண்ணியத்துல எத்தனையோ குடும்பம் சோறு திங்குது, எங்குளுதும் ஒண்ணு. பெல்ட் மாத்தறது, பேரிங் மாத்தறது, கல்லு தேஞ்சா உளி வெச்சுக் கொத்தறது. சைக்கிள்ல வீடு வீடாப் போவேன். 2010 தாண்டினதும் வேலை கொறைய ஆரம்பிச்சுது. கூப்பிடற வீடு மாசத்துக்கு மாசம் கம்மி. என்னடான்னு பார்த்தா, கிரைண்டர் பரண் மேல ஏறிக்கிச்சு, எல்லா வீட்டுலயும் பாக்கெட் மாவு. நான் அந்த மாவுக் கடைக்காரனுகளை வாயில வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டிட்டுத் திரிஞ்சேன்.

ஒரு நாள் சிங்காநல்லூர் பக்கம் மாவுக் கடை வெச்சிருக்கற ஒரு அக்கா கூப்பிட்டாங்க. 20 லிட்டர் டில்டிங் கிரைண்டர். சத்தம் ஏதும் இல்ல, ஓடுது. "ஓடுது, ஆனா உளுந்து பொங்க மாட்டேங்குது"ன்னாங்க. கையை விட்டுப் பார்த்தேன், மாவு வெதுவெதுன்னு இருக்குது. கல்லு மொழுமொழுன்னு தேஞ்சு, அரையறதுக்குப் பதிலா வழுக்கிக்கிட்டுச் சுத்துது. அரை மணியில எடுக்க வேண்டியதை ஒரு மணி நேரம் ஓட விட்டா சூடேறாம என்னங்க பண்ணும். அந்தக்கா அதுக்கு ஐஸ் வாங்கிப் போட்டுட்டு இருக்கறாங்க. தினமும் 30 ரூபாய்க்கு ஐஸ்! மாசம் 900. கல்லு கொத்த நான் அன்னிக்கு 350 வாங்கிட்டு இருந்தேன். "ஏனுங்க்கா, மொதல்லயே கூப்பிட்டிருக்கலாமுல்ல"ன்னா, "நீ கல்லைக் கழட்டிட்டுப் போனீன்னா ரெண்டு நாள் கடை மூடணும். எங்கிட்ட 40 வீடு, 3 மெஸ்சு வாங்குது. ரெண்டு நாள் இல்லைன்னா வேற கடைக்குப் போயிருவாங்க. ஐஸே பரவால்ல"ன்னாங்க.

வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு மண்டையில ஓடிட்டே இருந்துச்சு. ஆனா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலைங்க. மூணு மாசம் ஒண்ணும் தோணலை.

அப்பறம் திருப்பூர்ல மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போனேன். அவன் சின்னதா தையல் யூனிட் வெச்சிருக்கறான், 12 மிஷின். பேசிட்டு இருக்கறப்ப ஒரு ஓவர்லாக் மிஷின் மக்கர் பண்ணுச்சு. போன் போட்டான். இருபது நிமிஷத்துல ஒருத்தர் டிவிஎஸ் 50-ல பின்னாடி ஒரு மிஷினைக் கட்டிட்டு வந்தார். கெட்டதைத் தூக்கிட்டு நல்லதை வெச்சுட்டுப் போயிட்டார். "ரிப்பேர் எப்ப வரும்?"னேன். "எப்ப வந்தா என்ன மாமா, நம்ம வேலை ஓடுதில்ல"ன்னான் மச்சான். உங்களுக்கு இது தெரியாம இருக்காது, திருப்பூர்ல 9 வருஷம் இருந்திருக்கறீங்க, தினமும் பார்த்திருப்பீங்க.

அந்த மெக்கானிக் வாசல் தாண்டறதுக்குள்ள பின்னாடியே ஓடினேன், விசேஷத்துக்குக் கட்டின வேட்டியோட. அவர் ஒளிக்கலைங்க. ஏன்னா நான் தையல் மிஷின்காரன் இல்ல, கோயம்புத்தூர் கிரைண்டர்காரன். அவர் சோத்துல நான் கை வைக்க வரலை. மாசாமாசம் எவ்வளவு வாங்கறார், எத்தனை ஸ்பேர் வெச்சிருக்கார், யாருக்குக் கொடுக்க மாட்டார், எல்லாம் ரோட்டுலயே நின்னு சொன்னார். அதையே நீங்க உடுமலையில இருந்துட்டு உடுமலை நார்க்காரர்கிட்டக் கேட்டிருக்கறீங்க. பொள்ளாச்சி தாண்டிப் போயிருந்தா டீ வந்திருக்கும்.

பழைய கிரைண்டர் நாலு வாங்கி, கல்லு கொத்தி, ஆரஞ்சு பெயிண்ட் அடிச்சு, மாவுக் கடைகளுக்கு ஸ்பேரா விட ஆரம்பிச்சேன். மாசம் 600 ரூபாய். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்து கல்லைப் பார்ப்பேன், கொத்தணும்னா ஸ்பேரை வெச்சுட்டு எடுத்துட்டுப் போவேன். இன்னிக்கு 70 கடை. எந்தக் கடைக்காரனுகளைத் திட்டினேனோ அவங்கதான் எனக்குப் படி அளக்கறாங்க.

இதுல நான் பட்ட அடி ஒண்ணையும் சொல்லிரணும். திருப்பூர்க்காரர் ரோட்டுல நின்னு சொன்னப்ப, "மூணாவது நாள்ல இருந்து ஸ்பேருக்கு வாடகை போட்டுருங்க"ன்னார். எனக்கு அது கஞ்சத்தனமாத் தெரிஞ்சுது, விட்டுட்டேன். ஒரு கடையில அவங்க கிரைண்டரை ரிப்பேர் பண்ணித் திருப்பிக் கொடுத்த பின்னாடியும் ஸ்பேரை எடுக்க விடலை. "நாளைக்கு வாங்க, நாளான்னிக்கு வாங்க"ன்னு மூணு மாசம் ரெண்டையும் ஓட்டி மாவு வித்தாங்க. அவர் 15 வருஷத்துல கத்துக்கிட்டதை ஓசியில சொன்னார், நான் பிடிச்சதை எடுத்துட்டுப் பிடிக்காததை விட்டேன்.

அப்பறம், ஜனங்களை நேராப் போய் "உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டா உருப்படியா பதில் வராது. நம்ம கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தம், நாப்கின் மிஷின் கண்டுபிடிச்சு 2016-ல பத்மஸ்ரீ வாங்கினவர், அவரே இதுல மாட்டியிருக்கறார். தான் செஞ்ச நாப்கினை மருத்துவக் கல்லூரிப் பொண்ணுகளுக்குக் கொடுத்து, எப்படி இருக்குன்னு எழுதறதுக்குத் தாளும் கொடுத்தார். திரும்ப வாங்கப் போனா, மூணு பொண்ணுக உக்காந்து எல்லார் தாளையும் மளமளன்னு நிரப்பிட்டு இருக்குதுங்க. அதுக்கப்பறம்தான் அவர் ஃபுட்பால் பிளாடர்ல ஆட்டு ரத்தத்தை ஊத்தித் தன் இடுப்புல கட்டிக்கிட்டு நடந்து பார்த்தது. அந்த மாவுக் கடை அக்காவும் "ஐஸ் போடறது எனக்குக் கஷ்டம்"னு ஒரு நாளும் சொன்னதில்ல. ஐஸ் போடறதை நான் கண்ணால பார்த்தேன், அவ்வளவுதான்.

பழைய_பைல்:

மாவட்டத் தொழில் மையம் ஒன்றில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாக்குமட்டை மிஷின் பற்றி மட்டும் சொல்கிறேன்.

"திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லி விற்கப்பட்ட மிஷின்களுக்கான மனுக்கள் என் மேசைக்கு எத்தனை வந்தன என்பதற்குக் கணக்கில்லை. மெழுகுவத்தி, பேப்பர் கப், கற்பூரம், இப்போது பாக்குமட்டை. விற்றவருக்கு லாபம் மிஷினிலேயே முடிந்துவிடுகிறது. தட்டை வாங்கி அவர் என்ன செய்வார்? மிஷின் வாங்கப் போகும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: "மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்களிடம் வாங்கிய இரண்டு பேரின் பட்டறையைக் காட்டுங்கள்." போன மாதம் வாங்கியவரை எல்லோரும் காட்டுவார்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால், மானியத்தோடு கடன் கிடைக்கும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பாருங்கள். 2022-ல் அதன் திட்ட மதிப்பு வரம்பை உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சமாகவும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சமாகவும் உயர்த்தினார்கள். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, அதற்குப் பணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள். ஆனால் மானியத்தைப் பார்த்துத் தொழிலைத் தேர்ந்தெடுத்தவர்கள் யாரும் நிலைத்து நான் பார்த்ததில்லை.

தகரப்பட்டை:

நான் சிவகாசி. கல்கொத்தி அண்ணாச்சி சொன்னது நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணுல எனக்கு ஒப்பு இல்ல. வேற ஊர், வேற தொழில்ல இருந்துதான் எடுக்கணும்னா எங்க ஊரே இருந்திருக்காதே!

மொத அடி அண்ணாச்சி சொன்ன மாதிரிதான் நடந்துச்சு. 1922-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போயி தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. மழை இல்லாத ஊரு, வானம் பார்த்த பூமி. வந்து ஜெர்மனி மிஷினை இறக்கிப் பார்த்தாங்க, கட்டுபடியாகல. மிஷினை விட்டுட்டு கையாலயே செய்யுற முறைக்கு மாறினாங்க. இதை எங்க ஊர்ல சின்னப் பிள்ளையும் சொல்லும்.

ஆனா அதுக்கப்புறம் நடந்தது முழுக்க பக்கத்து வீட்டைப் பார்த்துப் பண்ணுனதுதான். ஒருத்தர் தீப்பெட்டி ஆபீஸ் போட்டா எதுத்த வீட்டுக்காரரும் போட்டாரு. மத்தாப்புத் தீப்பெட்டி செஞ்சவங்க பட்டாசுக்குப் போனாங்க. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேணும்னு அச்சாபீஸ் வந்துச்சு. அச்சாபீஸ் சும்மா கிடக்கக் கூடாதுன்னு காலண்டர், டைரி, நோட்டு. இதுல எது திருட்டு?

ஷாம்பூ உறை கதையும் அப்படித்தான். கடலூர்ல சின்னி கிருஷ்ணன் ஆரம்பிச்சு வச்சது. அவரு பிள்ளைங்க வெல்வெட் ஷாம்பூ நடத்திக்கிட்டு இருக்கும்போதே அதுல ஒருத்தர், சி.கே.ரங்கநாதன், பிரிஞ்சு வந்து 1983-ல 15,000 ரூபாயில சிக் ஷாம்பூ ஆரம்பிச்சாரு. ஒரே வீடு, ஒரே சரக்கு. எந்தக் கம்பெனி காலி உறையா இருந்தாலும் அஞ்சு கொண்டுவந்தா சிக் ஒண்ணு சும்மா கொடுத்தாரு. அடுத்தவர் உறையை வாங்கிக்கிட்டுத் தன் உறையைக் கையில திணிச்சா மாதிரி. நல்லா ஓட ஆரம்பிச்சதும் சிக் உறைக்கு மட்டும்னு மாத்திட்டாரு.

பக்கத்து வீட்டைப் பார்த்துப் பண்ணலாம் தம்பி. பண்ணிட்டு, "அவரை விட 10 பைசா கம்மி"ன்னு மட்டும் நிக்காதீங்க. தீப்பெட்டியில அந்தக் கூத்தை ரெண்டு தலைமுறையா பார்த்தாச்சு. 2007-ல ஒரு ரூபாய் ஆக்குன தீப்பெட்டியை 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூபாய் ஆக்க முடிஞ்சது. நடுவுல 14 வருஷம் மெழுகு, பாஸ்பரஸ், அட்டை எல்லாம் ஏறிக்கிட்டே கிடக்கு, பெட்டி விலை மட்டும் அசையல.

என் வேலையைக் கேட்டீங்கன்னா, காலண்டருக்கு மேல தகரப் பட்டை அடிக்கிறது. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரிப் படங்களோட ஆல்பம் வந்துச்சுன்னா தை வரைக்கும் ராப்பகலா ஓடும். அதுக்கப்புறம் ஆறு மாசம் மிஷின் மேல துணி போத்தி வச்சிருப்போம். ஒரு வருஷம் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தங்க மாசி மாசம் வந்து, கையில உருட்டி வச்சிருந்த இந்தியா படத்துக்கு மேலயும் கீழயும் பட்டை அடிச்சுத் தரச் சொன்னாங்க. "ஆணியில மாட்டி மாட்டி மேல கிழிஞ்சு போகுதும்மா, செலோ டேப் போட்டே ஓட்டுறேன்." ஒத்தைப் படம், 10 ரூபாய் வாங்கினேன். ராத்திரி படுத்திருக்கேன், அந்த செலோ டேப்தான் கண்ணு முன்னாடி வருது. மறுநாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போயி, சுவர்ல எத்தனை படம் தொங்குதுன்னு எண்ணினேன். 64. அதுல 41 படத்துல டேப். அங்கிட்டு இங்கிட்டு விசாரிச்சுப் பார்த்தா எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் அதே கதை. இப்ப மாசியில இருந்து ஆனி வரைக்கும் பள்ளிக்கூடப் படம்தான் எங்க வேலை. என்னைப் பார்த்து ரெண்டு பேரு ஆரம்பிச்சுட்டாங்க. அதுல ஒருத்தி என் நாத்தனார். என்ன செய்ய!

கல்கொத்தி:

தகரப்பட்டை அம்மிணி சொல்றதும் நாயம்தானுங்க. ஊர் மொத்தமும் ஒரே தொழில் பண்ணினா சரக்கு வாங்கறவன் ஊரைத் தேடி வருவான், அது தனிக் கணக்கு. தம்பி தனியாளா ஆரம்பிக்கறார்ங்கறதால அப்படிச் சொன்னேன். ஆனா பாருங்க, நீங்க டேப்பை எண்ணினதும் நான் ஐஸைப் பார்த்ததும் ஒரே சோலிதான்.

தம்பி, திருப்பூர்ல நீங்க பழகினதுல எது உங்க ஊர்ல யாருக்கும் தெரியாதோ, அதை மனசுல வெச்சுக்கிட்டு, சொந்தக்காரங்க யாராவது தொழில் பண்ற இடத்துல ஒரு வாரம் சும்மா உக்காருங்க. நோட்டு எடுத்துட்டுப் போகாதீங்க, நோட்டைப் பார்த்தா ஆளுக நல்லபடியா நடந்துக்குவாங்க.

அமராவதிக்கரை:

24 நாள் கழிச்சு வர்றேன். எல்லாருக்கும் நன்றிங்க. என்ன நடந்துச்சுன்னு எழுதறேன், கொஞ்சம் நீளம்.

எங்க பெரியம்மா உடுமலையில 20 வருஷமா லேடீஸ் டைலர். ரெண்டு மிஷின், ஒரு உதவிக்கு ஆள். கல்கொத்தி அண்ணா சொன்ன மாதிரி அங்க போய் உக்காந்தேன். மொத ரெண்டு நாள் பெரியம்மா எனக்கு வேலை போனதை வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லி அழுதுட்டே இருந்தாங்க. மூணாவது நாள் என்னைப் பட்டன் கட்டச் சொன்னாங்க, அதுக்கப்பறம்தான் கடை அதும்பாட்டுக்கு நடந்துச்சு.

கடைக்குள்ள போனதும் கால் இடிக்கிற இடத்துல ஒரு நீல வாளி. சின்ன வயசுல இருந்து அந்த வாளியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன். அதுல எப்பவும் லைனிங் துணி ஊறிட்டு இருக்கும். ஜாக்கெட்டுக்கு உள்ள வைக்கிற காட்டன் லைனிங்கை அப்படியே வெச்சுத் தைச்சா மொத சலவையில அது சுருங்கி, மேல் துணியை இழுத்து அக்குள் பக்கம் கொசகொசன்னு ஆயிரும். அதனால ராத்திரி ஊற வெச்சு, காலையில மாடியில காயப் போட்டு, இஸ்திரி போட்டு, அப்பறம்தான் வெட்டுவாங்க. "இது கஷ்டமா இல்லையா பெரியம்மா?"ன்னேன். "தண்ணியில போட்டு எடுக்கறதுல என்ன கஷ்டம்?"னு என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. ஆனா பேச்சுவாக்குல, போன ஐப்பசி மழையில தீபாவளிக்கு முந்தின வாரம் நாலு நாள் துணி காயாம, ஃபேன் காத்துல காய வெச்சு, 17 ஜாக்கெட் லேட்டாகி, ஒரு கஸ்டமர் கடை வாசல்லயே கத்திட்டுப் போனதைச் சொன்னாங்க. அது மழையோட குத்தமாம், வாளியோடது இல்லையாம்.

எனக்கு அப்பத்தான் மண்டையில உறைச்சுது. சுருக்கம் பாக்கறதுதாங்க என் பொழைப்பே! கம்பெனியில துணி வந்ததும் அளந்து கோடு போட்டு, துவைச்சு, மறுபடி அளந்து, எத்தனை சதம் சுருங்குச்சுன்னு ரிப்போர்ட் எழுதாம ஒரு துணியும் கட்டிங் டேபிளுக்குப் போகாது. உடுமலையில அதே வேலையை ஒவ்வொரு டைலரும் ஆளுக்கொரு வாளியில பண்ணிட்டு இருக்காங்க.

லைனிங் 20 மீட்டர் வாங்கி, ஒரு துண்டுல 50 சென்டிமீட்டர் சதுரம் வரைஞ்சு துவைச்சுப் பார்த்தேன். நீளவாக்குல 47 ஆச்சு, அகலவாக்குல 49. அதாவது நீளத்துல 6 சதம். எங்க பையர் பார்த்தா ஷிப்மெண்டையே நிறுத்தியிருப்பார். மீதியைத் துவைச்சுக் காய வெச்சு இஸ்திரி போட்டு, 90 சென்டிமீட்டர் துண்டா வெட்டி மடிச்சு, கறுப்பு, மெரூன், ரத்தச் சிவப்பு, சந்தனம், பச்சைன்னு அஞ்சு கலர்ல பாக்கெட் போட்டேன். ஏழு டைலருக்குக் கொடுத்தேன். ஓசியில இல்ல, 55 ரூபாய். நாலு பேர் திரும்பக் கேட்டாங்க. ஒருத்தங்க "ஈர வாடை வருது"ன்னு திருப்பிட்டாங்க, நியாயம்தான், நிழல்ல காய வெச்சது. ஒருத்தங்க "ஊற வெக்கறது எங்களுக்குப் பழக்கம், இதுக்கெதுக்குத் தனியாக் காசு?"ன்னாங்க. இன்னொருத்தங்க எதுவும் சொல்லலை, ஆனா பாக்கெட்டைப் பிரிக்கவே இல்ல.

இன்னொண்ணும் கண்ணுல பட்டுச்சு. மேட்சிங். சேலையில இருந்து ஒரு துணுக்கு வெட்டி நோட்டுல பின் அடிச்சு வெச்சுக்கிட்டு, பெரியம்மா ஒரு நாளைக்கு மூணு தடவை எதுத்த மேட்சிங் சென்டருக்குப் போறாங்க. டியூப் லைட்ல பார்த்து எடுத்துட்டு வர்றது வெளிச்சத்துல வேற கலராத் தெரியுது, மறுபடி போறாங்க. இதுக்குக் கம்பெனியில பெட்டியே இருக்கு. ஒரே துணியைப் பகல் வெளிச்ச பல்ப்லயும் கடை வெளிச்ச பல்ப்லயும் மாத்தி மாத்திப் பார்ப்போம், ரெண்டுலயும் ஒத்துப்போனாத்தான் ஓகே. அதனால நம்பர் போட்ட ஷேட் கார்டு ஒண்ணு தயார் பண்றேன், 36 கலர். டைலர் கடைக்கு ஒரு கார்டு. வாசல் வெளிச்சத்துல சேலை மேல வெச்சுப் பார்த்துட்டு நம்பரை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பினாப் போதும். செவ்வாயும் வெள்ளியும் நான் வண்டியில போட்டுக் கொடுத்துருவேன். மொத லைன் மடத்துக்குளம் வழியா தாராபுரம் ரோடு.

பயம் ஒண்ணுதாங்க. எதுத்த மேட்சிங் சென்டர்காரர் நாளைக்கே நாலு வாளி வாங்கி வெச்சா என் கதை என்ன ஆகும்? அவர்கிட்ட இதைச் சொல்லலாமா, சொல்லாம இருக்கலாமா?

தகரப்பட்டை:

தம்பி, சொல்லாம இருந்தாலும் அவருக்குத் தெரியும். பெரியம்மா மூணு தடவை வந்தது ஒரு தடவையா குறைஞ்சா கடைக்காரருக்குத் தெரியாதா? அவர்கிட்டயே மொத்தமா லைனிங் வாங்குங்க. தான் விக்கிற சரக்கை வாங்குற ஆளை எந்த வியாபாரியும் சீக்கிரம் பகைச்சுக்க மாட்டாரு. ரெண்டாவது மாசம் அவரே உங்க பாக்கெட்டைக் கடையில வைக்கக் கேப்பாரு. கேக்கும்போது விலை என்ன சொல்றதுன்னு இப்பவே யோசிச்சு வச்சுக்கோங்க, அப்ப யோசிச்சா தடுமாறிருவீங்க.

கல்கொத்தி:

வாளியைப் பார்த்துட்டீங்களே தம்பி, சந்தோஷமுங்க. பாக்கெட்டைப் பிரிக்காம வெச்சிருக்கறாங்களே, அந்தக்கா கடைக்கு மறுபடி போங்க. "வேண்டாம்"னு சொன்னவங்களை விடுங்க, ஒண்ணுமே சொல்லாதவங்ககிட்டத்தான் சமாச்சாரம் இருக்கும். என்கிட்டவும் ஒரு கடை அப்படி ஆறு மாசம் ஸ்பேரும் கேக்காம, காரணமும் சொல்லாம இருந்துச்சு. கடைசியில பார்த்தா, ராத்திரி 2 மணிக்கு மாவு ஆட்டறாங்க, அந்நேரம் நான் போன் எடுக்க மாட்டேன்னு அவங்களாவே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கறாங்க.

ஒரு சந்தேகம். பெரியம்மாவுக்கு ஐப்பசியில துணி காயலைன்னு சொன்னீங்க. உங்களுக்கு எங்க காயும்?

அமராவதிக்கரை:

அண்ணா, சரியா அங்கதான் மாட்டியிருக்கேன். திருப்பூர்ல ஜாப் ஒர்க் வாஷிங் யூனிட் ரெண்டு மூணுல டிரையர் இருக்கு, விசாரிச்சேன். கிலோ கணக்குலதான் பேசறாங்க, ஒரு தடவைக்குக் குறைஞ்சது 50 கிலோ வேணுமாம். எனக்கு இப்ப வாரத்துக்கு 6 கிலோ கூட இல்ல. ஒரு யூனிட்ல மட்டும், பழைய பழக்கத்துக்காக, வேற பார்ட்டியோட வெள்ளைத் துணி ஓடற அன்னிக்கு சந்தனக் கலரை மட்டும் சேர்த்துப் போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கார். மெரூனைப் பக்கத்துலயே விட மாட்டாராம்.

பிரிக்காத பாக்கெட் அக்காவை நாளைக்குப் போய்ப் பார்க்கறேன்.

சும்மா_வந்தவன்:

என் வீட்டுக்காரம்மா பழனியில தைக்கிறாங்க. இதைப் படிச்சுக் காட்டினேன். "கறுப்பு 10, மெரூன் 5, சாயம் போகாதுன்னா மட்டும்"னு சொல்லச் சொன்னாங்க. தாராபுரம் ரோடு லைன் எங்க ஊருக்கு வராதே, பழனிக்கு எந்தக் கிழமை?